துருவ மீனும் தஞ்சைக் கோபுரமும்



பட்டுக்கோட்டையில் என் வீட்டுத் திண்ணைக்கு மாலை வேளைகளில் மாணவர் சிலர் வருவதுண்டு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு வேறு அலுவல் இராது என்பது அவர்கள் துணிபு. விண்மீன் ஏன் மினுக்குகிறது, நிலவில் ஏன் காற்று இல்லை என்று வானத்தைப் பற்றியே மிகுதியும் வினவுவர். அவற்றுள் ஒரு வினாவைக் கேட்கும்போது மட்டும் பழைய நினைவொன்று என் நெஞ்சை உறுத்தும்.

ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்தது அது. பூமி உருண்டை என்று வகுப்பில் கூறினேன். உழவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நம் ஊர் வயல் கண்ணுக்கெட்டிய தூரம் பலகைபோல் கிடக்கிறதே, உருண்டை என்று எப்படித் தெரிந்தது?" என்றான். "புத்தகத்தில் போட்டிருக்கிறது, உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். அவ்வாண்டு முழுவதும் அவனிடமிருந்து மற்றொரு வினா வரவில்லை. 'என்ன' என்று கேட்பவனுக்குப் புத்தகம் போதும். 'எப்படித் தெரியும்' என்று கேட்பவனுக்குச் சான்று வேண்டும். அன்று சொல்லத் தவறிய விடையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

நிலத்தில் நிற்பவன் கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலேயே முடிந்துவிடுகிறது. 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையில் அது எம்மாத்திரம்! ஆகவே வயலை மட்டும் பார்த்து முடிவு செய்தல் இயலாது, வானத்தையும் பார்க்கவேண்டும்.

வைகாசி மாதத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் திறந்த வயலின் வரப்பில் வடக்கு நோக்கி நில்லுங்கள். சப்தரிஷி மண்டலத்தின் முன்முனையிலுள்ள இரு விண்மீன்களை இணைக்கும் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் துருவ மீன் தென்படும். கையை முழுதும் நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை. அடிவானத்திற்கு மேல் ஒரு முட்டி உயரத்தில் அம்மீன் நிற்கும். சென்னையில் அதன் உயரம் ஏறத்தாழ 13 பாகை. தில்லியிலோ ஏறத்தாழ மூன்று முட்டி. துருவ மீன் பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பது. பூமி தட்டையாயின் எவ்வூரிலும் அது ஒரே உயரத்தில் அன்றோ தோன்றவேண்டும்? ஏறத்தாழ 111 கிலோமீட்டர் வடக்கே செல்லுந்தோறும் அது ஒரு பாகை உயர்கிறது. நம் காலடியில் நிலம் வளைந்திருப்பதே காரணம்.

அந்த ஒரு பாகைக்குரிய தூரம் எங்கும் ஒன்றுதானா? இதனை அறியத் தென்னாட்டில் நிலத்தை அளந்தவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலைக்கு அருகில் அவர் தம் பணியைத் தொடங்கினார். தொலைவிலுள்ள இடங்களை நோக்கிக் கோணம் அளக்க உயரமான இடம் வேண்டும். காவிரிச் சமவெளியில் குன்று ஏது? கோயில் கோபுரங்களையே அவர் நாடினார். 1808இல் ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வளைந்தது. லாம்டன் சோர்ந்துவிடவில்லை, ஆறு வாரம் தம் கையாலேயே அதனைச் சீர்செய்து மீண்டும் அளந்தார். 1823இல் இறக்கும் வரை அளந்துகொண்டே இருந்தார்.

பல நாட்டாரும் இவ்வாறு அளந்ததன் பயனாக, ஒரு பாகை நிலநடுக்கோட்டருகே 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7 கிலோமீட்டர் என்று தெளிந்தோம். பூமி நடுவில் சற்றே பருத்த உருண்டை; நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கிலோமீட்டர் மிகுதி.

எந்தத் தட்டை நிலத்தைச் சுட்டி அச்சிறுவன் ஐயுற்றானோ, அதே நிலம்தான் லாம்டனைக் கோபுரம் ஏறச் செய்தது. அவன் வினா பேதைமை அன்று. என் விடையே பேதைமை. இன்று அவனுக்கும் மக்கள் இருக்கக்கூடும். அவர்களேனும் அமராமல் நின்று கேட்பார்களாக.

மாணவர்களே, நான் சொன்னேன் என்பதற்காக இதனை ஏற்றுக்கொள்ள வேண்டா. இன்றிரவு வானம் தெளிந்திருப்பின் வரப்பிற்குச் சென்று, முட்டியை நீட்டி அளந்து பாருங்கள்.