சாப்பாட்டு மேசையில் தொடங்கிய கம்பனி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ சொல்லுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை உங்கள் வைத்தியர்கள் உங்களுக்குப் போதியளவு சொல்லியிருப்பார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டது இங்கிலாந்தில் ஒரு வீட்டில், ஒரு குடும்பத்தின் அன்றாட வேலைகளுக்கு நடுவே தொடங்கிய சிறிய கணினிக் கம்பனி ஒன்றின் கதை. அதைத் தொடங்கியவர் ஸ்டெபனி ஷேர்லி. எங்கள் நூற்றாண்டு விழாவுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்பதைக் கேட்டு முடிக்கும்போது நீங்களே அறிவீர்கள்.

அவர் 1933இல் ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் பிறந்தவர். தந்தையார் யூதர், நீதிபதி. நாசிகளின் ஆட்சியில் பதவியை இழந்தார். 1939இல், போர் தொடங்குவதற்குச் சற்று முன்னர், ஏறத்தாழ 10,000 பிள்ளைகளைத் தாய் தகப்பன் இல்லாமல் இங்கிலாந்துக்கு ஏற்றி வந்த புகையிரதங்களில் ஒன்றில் அவரும் வந்தார். அப்போது வயது ஐந்து. கையைப் பிடித்துக்கொண்டு வந்த அக்காவுக்கு ஒன்பது. பிள்ளைகளை எங்கேயாவது தப்பட்டும் என்று அனுப்பிவைத்த வீடுகள் எங்கள் மண்ணிலும் இருந்தன. அதனால் இந்த இடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

வளர்ப்புப் பெற்றோர் அவரை நன்றாகப் படிக்க வைத்தார்கள். ஆனால் அவர் சென்ற பெண்கள் பாடசாலையில் அவருக்கு வேண்டிய அளவு கணிதம் கற்பிக்க ஆளில்லை. ஆகவே கணித பாடத்துக்கு மட்டும் ஊரின் ஆண்கள் பாடசாலைக்குப் போய் வந்தார். அவ்வாறு ஆண்கள் கல்லூரிக்கு நடந்து போய் உயர்தரம் படித்த அக்காமார் சிலர் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். பின்னர் லண்டனில் தபால் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்துகொண்டே, ஆறு ஆண்டுகள் மாலை வகுப்புக்குப் போய்க் கணிதத்தில் பட்டம் பெற்றார்.

1962இல் 6 பவுண் முதலுடன் தமது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் தொடங்கிய கம்பனிதான் ‘ஃபிரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’. அக்காலத்தில் மென்பொருள் என்பது கணினி வாங்குவோருக்கு இலவசமாகக் கொடுக்கப்படும் பொருள். அதை விற்கப் போகிறேன் என்றபோது பலர் சிரித்தார்கள். ஒரு பெண் விற்கப் போகிறாள் என்றபோது இன்னும் சிரித்தார்கள். ‘ஸ்டெபனி’ என்று கையொப்பமிட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவரின் யோசனைப்படி ‘ஸ்டீவ்’ என்ற ஆண் பெயரில் ஒப்பமிட்டார். பதில்கள் வரத் தொடங்கின.

அவர் யாரை வேலைக்கு எடுத்தார் என்பதுதான் முக்கியம். நன்றாகப் படித்து, கணினித் துறையில் பயிற்சியும் பெற்று, கலியாணத்துடனோ முதற் பிள்ளையுடனோ வேலையை விட்டு வீட்டில் இருந்த பெண்களைத் தேடி எடுத்தார். முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். இணையம் இல்லாத காலம் அது. பிள்ளைகள் நித்திரையான பின் கடதாசியும் பென்சிலுமாக இருந்து நிரலை எழுதி, தபாலில் அனுப்புவார்கள். இன்னோரிடத்தில் அதை நாடாவிலோ அட்டையிலோ துளையிட்டு, சரிபார்த்து, அதன் பின்னர்தான் கணினிக்குக் கொடுப்பார்கள். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலாக்கம் இப்படி வீடுகளில் இருந்த பெண்களால் செய்யப்பட்டது. 1975இல் ஆண் பெண் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் பிரித்தானியாவில் வந்தபோது, பெண்களுக்கென நடந்த இக்கம்பனியும் ஆண்களுக்குச் சமவாய்ப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று!

இது தருமம் செய்த கம்பனி அன்று. வாடிக்கையாளரிடம் அது நடந்துகொண்ட முறையைப் பாருங்கள். தொலைபேசியில் பேசும்போது பிள்ளை அழும் சத்தம் கேட்காதிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்த நாடாவை ஸ்டெபனி பின்னணியில் ஓடவிடுவார். அந்தத் தந்திரத்தைக் கேட்டு நாம் சிரிக்கலாம். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் செய்தார். எத்தனை மணித்தியாலம் வேலை செய்தோம் என்று கணக்குக் காட்டாமல், வேலை முழுவதற்கும் ஒரே விலையை முன்கூட்டியே சொன்னார். அத்துறையில் அப்படிச் செய்த முதற் சிலரில் அவரும் ஒருவர். விலையை முன்கூட்டிச் சொன்னவர் வேலையைச் சரியாக அளந்திருக்க வேண்டும். பிழை வந்தால் நட்டம் அவருக்கு. வாங்குபவருக்கோ, அதை எழுதியவர் காலை எட்டு மணிக்கு எழுதினாரா இரவு பதினொரு மணிக்கு எழுதினாரா என்ற கேள்வியே எழாது.

வைத்தியசாலையில் வேலை செய்யும் எனக்கு இது நன்றாக விளங்குகிறது. வாட்டில் ஒரு நோயாளியை ஒரே வைத்தியர் இருபத்துநான்கு மணி நேரமும் பார்ப்பதில்லை. ஒருவர் எழுதி வைத்ததை அடுத்தவர் வாசித்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். குறிப்புத் தெளிவாக இருந்தால் ஆள் மாறினாலும் நோயாளிக்குக் குறைவில்லை. அப்படியிருக்க, ஒரு பெண் வைத்தியர் பகுதிநேரமாக வேலை செய்யக் கேட்டால், “அது சரிவராது” என்ற பதில் ஏன் இவ்வளவு விரைவாக வருகிறது?

வருவாயை அவர் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கம்பனியின் பங்குகளைப் பணியாளர்களின் கைக்கு மாற்றுவதைப் பல ஆண்டுகள் பாடுபட்டுச் செய்தார். 1996இல் கம்பனி பங்குச் சந்தைக்கு வந்தபோது பணியாளர்களில் 70 பேர் மில்லியன் பவுணுக்கு அதிபதிகளானார்கள்.

அவருடைய ஒரே மகன் ஜைல்ஸ் இரண்டரை வயதளவில் பேச்சை இழந்தார். ஓட்டிசம். பிள்ளையின் ஓட்டிசத்துக்குத் தாயின் அன்புக் குறைவே காரணம் என்று என் துறையைச் சேர்ந்தவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அது முற்றிலும் பொய் என்று இன்று அறிவோம். ஆனால் அந்தப் பழியைச் சுமந்த தாய்மாரின் ஆண்டுகளை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஜைல்ஸ் 1998இல், 35ஆவது வயதில், வலிப்பு நோயினால் காலமானார். ஓட்டிசம் உள்ளோருக்கான வதிவிடப் பராமரிப்பு, பாடசாலை, ஆராய்ச்சி என்று மூன்று தரும அமைப்புகளை ஸ்டெபனி உருவாக்கினார். தமது செல்வத்தின் பெரும்பகுதியை இவற்றுக்கும் கணினித் துறைக்குமே கொடுத்தார்.

கம்பனியின் நடைமுறை, வாடிக்கையாளர் சேவை, சமூகப் பணி என்று நாம் மூன்றாகப் பிரித்துப் பேசுகிறோம். இவருக்கு மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மனிதர் எப்படி வாழ்கிறாரோ அதற்கேற்ப வேலையை ஒழுங்குபடுத்து. தரத்தில் மட்டும் விட்டுக்கொடாதே. அவ்வளவுதான்.

இனி எங்களுக்கு வருவோம். இலங்கையில் பல்கலைக்கழகம் செல்வோரில் பெண்களே கூடுதல். ஆனால் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார். மற்றவர்களின் அறிவு எங்கே போயிற்று? என் வகுப்பில் கணிதத்தில் எப்போதும் முதலாவதாக வந்தவள் ஒருத்தி. பொறியியல் பட்டதாரி. போன வருடம் கதைத்தபோது சொன்னாள்: “பன்னிரண்டு வருசமா வீட்டில இருக்கிறன். இனி என்னை ஆர் எடுக்கப் போகினம்?” அவள் பேரைச் சொல்ல மாட்டேன். உங்கள் ஒவ்வொருவரின் வகுப்பிலும் அவளைப்போல் ஒருத்தி இருப்பாள்.

ஆகவே சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். நூற்றாண்டை ஒட்டிச் செய்ய வேண்டிய வேலைகள் பல இருக்கின்றன. பழைய வரவுப் பதிவேடுகளையும் சஞ்சிகைகளையும் கணினியில் ஏற்ற வேண்டும். உலகெங்குமுள்ள அங்கத்தவர் விபரங்களைத் திரட்ட வேண்டும். கணக்குகளைச் சீராக்க வேண்டும். இவற்றை வெளியாருக்குக் கொடுக்குமுன், வேலையை விட்டு வீட்டிலிருக்கும் எங்கள் சகோதரிகளிடம் கேளுங்கள். வேலையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விலையையும் முடிக்க வேண்டிய திகதியையும் எழுதிக் கொடுங்கள். எந்த நேரத்தில் செய்வது என்பதை அவர்களிடமே விடுங்கள்.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். “எங்கட பள்ளிக்கூடம்தானே, சும்மா செய்து தாருங்கோ” என்று கேட்காதீர்கள். காசு கொடுங்கள். பற்றுச்சீட்டுக் கொடுங்கள். வேலை திருத்தமாக முடிந்தது என்று கடிதம் கொடுங்கள். பன்னிரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு நேர்முகப் பரீட்சைக்குப் போகும் ஒருத்திக்கு அந்தக் கடிதத்தின் பெறுமதி என்னவென்று வேலை கொடுக்கும் நிலையில் இருக்கும் நீங்கள் அறிவீர்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் கொழும்பிலும் நிறுவனங்களை நடத்தும் பழைய மாணவிகள் தங்கள் வேலைகளில் ஒரு சிறு பங்கையும் இப்படி அனுப்பலாம்.

முதலில் ஐந்து பேருடன் தொடங்குவோம். பெயர்களைப் பதிவதற்கு ஒரு கொப்பியைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் அது வாசல் மேசையில் இருக்கும். வேலை வேண்டியவர்கள் ஒரு பக்கத்திலும், வேலை கொடுக்கக்கூடியவர்கள் மறுபக்கத்திலும் எழுதுங்கள்.