தொட்டிலருகே ஒரு துயர்

பிள்ளை பிறந்த வீட்டில் எல்லாருடைய கண்களும் தொட்டிலையே நோக்கும். வாழ்த்துவோர் வருவர், பெயர் பற்றிப் பேச்சு நடக்கும், அடுப்பில் காயச்சரக்குக் கொதிக்கும். அவ்வேளையில் தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணீர் வடிப்பாளாயின், “பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அழலாமா?” என்று கடிந்துகொள்வோரே பலர். அவள் அழுவது ஏன் என்று கேட்போர் சிலரே.

பேற்றின் பின் மூன்றாம் நான்காம் நாளில் தாய்மாரிற் பெரும்பாலோருக்கு அழுகையும் எரிச்சலும் தோன்றுவதுண்டு. கருவுற்ற காலத்தில் உடலில் மிகுந்திருந்த ஓமோன்கள் சடுதியாகக் குறைவதும், உறக்கமின்மையும் இதற்கு ஏதுவாகலாம். இது நோயன்று. ஆறுதலும் ஓய்வும் கிடைப்பின் இரண்டு வாரத்துள் தானே தணிந்துவிடும்.

அதன் பின்னும் தணியாத துயர் வேறு. பிள்ளை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வாராமை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை, தான் நல்ல தாயல்லள் என்னும் குற்றவுணர்வு, ஓயாத அச்சம் ஆகியன மனச்சோர்வு நோயின் குறிகள். ஏறத்தாழப் பத்துத் தாய்மாரில் ஒருவருக்கேனும் இந்நோய் நேர்கின்றது. கல்வியோ செல்வமோ இதற்கு அரணாகா. இது தாயின் குற்றமுமன்று, அன்பின் குறைவுமன்று.

இந்நோயை முன்னதாகவே அறிவதற்கென 1987ஆம் ஆண்டில் கொக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி என்போர் பத்து வினாக்கள் கொண்ட எடின்பரோ அளவுகோலை வெளியிட்டனர். கடந்த ஏழு நாட்களில் தாயின் மனம் இருந்த நிலையை அவ்வினாக்கள் உசாவுகின்றன. இலங்கையிலும் இது பயன்பட்டு வருகின்றது. பிள்ளையின் நிறையை அறிய வரும் மருத்துவமாதிடம் தாய் தன் மனச்சுமையையும் கூறலாம்.

இந்நோய் தீரக்கூடியது. மனந்திறந்து பேசும் உளவள ஆலோசனை பலருக்குப் போதும். மருந்து வேண்டியவருக்கு, தாய்ப்பாலை நிறுத்தாமலே உட்கொள்ளத்தக்கவை உண்டு. அவற்றை வைத்தியரே தெரிந்து கொடுப்பார். வீட்டாருக்கும் கடமையுண்டு. இரவில் சில மணி நேரம் கணவன் பிள்ளையை ஏந்தினால் தாய் இடையறாது உறங்குவாள். அறிவுரையிலும் அவ்வுறக்கம் பெரிது.

தாய் தன்னையோ பிள்ளையையோ மாய்த்துக்கொள்ள நினைத்தாலும், இல்லாத குரல்கள் கேட்பதாகக் கூறினாலும், அவளைத் தனியே விடலாகாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.

தொட்டிலைப் பார்க்க வருவோர், அதன் அருகில் இருப்பவளையும் ஒருகணம் பார்த்து, “நீ எப்படி இருக்கிறாய், பிள்ளை?” என்று கேட்பாராக. பல வீடுகளில் நோய் தீரத் தொடங்குவது அந்த ஒரு கேள்வியில்தான்.