காத்திருக்கும் காலத்தில் வேலைக்குத் தயாராகுவோம்
(புதிதாக வந்தவர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பிரித்தானியாவில் தஞ்சம் கோரியிருக்கும் நீங்கள் என்னைக் கண்டதும் முதல் கேட்பது, "அண்ணை, எப்ப வேலை செய்யலாம்?" என்பதுதான்.

சட்டம் இதுதான். அனுமதி இல்லாமல் வேலை செய்யக்கூடாது. முதல் முடிவு 12 மாதத்துக்கு மேல் வராமல், தாமதத்துக்கு நீங்கள் காரணமில்லை என்றால், வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் குறிப்பிட்ட சில தொழில்கள் மட்டுமே செய்யலாம். உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். "கையில காசு தாறன், வா" என்று யாரும் கூப்பிட்டால் போகாதீர்கள். அது குற்றம். சம்பளம் தராமல் விட்டால் கேட்கவும் பயப்படுவீர்கள்.

அப்ப சும்மா இருக்கிறதோ? இல்லை.

ஷெல்லடியில் வலது கை பாதிக்கப்பட்ட ஒரு தம்பி, ஊரில் மேசன். "எனக்கு இனி ஒரு வேலையும் ஏலாது" என்றார். இருவரும் இருந்து எழுதிப் பார்த்தோம். பாரம் தூக்க ஏலாது. ஆனால் அளக்க, கணக்குப் பார்க்க, ஆட்களை வைத்து வேலை வாங்க ஏலும். ஏலாதது ஒன்று, ஏலுமானது மூன்று!

இதைத்தான் இங்கே தொழில்சார் புனர்வாழ்வு என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுப் பயப்படாதீர்கள். 2009க்குப் பிறகு இலங்கையில் எங்கட பிள்ளைகளைத் தடுத்து வைத்த "புனர்வாழ்வு" அல்ல இது. உடம்புக்கும் மனதுக்கும் ஏற்ற வேலையைக் கண்டு, அதற்குப் பழக்குவது.

இப்போதே செய்யக்கூடியவை:

1. காயம், வலி, நித்திரையின்மை எதையும் மறைக்காமல் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு வைத்தியம் இலவசம். அந்தப் பதிவு பின்னர் உதவும்.

2. ஆங்கில வகுப்பில் சேருங்கள். இங்கிலாந்தில் 6 மாதம் காத்திருந்த பெரியவர்கள் பொதுவாக அரச செலவில் கல்லூரியில் படிக்கலாம். அதுவரை தொண்டு நிறுவனங்களின் இலவச வகுப்புகளுக்குப் போகலாம்.

3. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் தொண்டராகச் சேரலாம். சம்பளம் இல்லை, பஸ் காசு போன்ற செலவு தரலாம். நேரத்துக்குப் போகும் பழக்கமும், நாளைக்கு உங்களைப் பற்றி நல்லதாகக் கடிதம் தர ஓர் ஆளும் கிடைப்பார்.

அகதி அந்தஸ்து கிடைத்ததும் ஜொப் சென்டரில் உங்கள் உடல்நிலையைச் சொல்லுங்கள். சம்பள வேலை கிடைத்தால், "அக்சஸ் டு வேர்க்" திட்டத்தில் விசேட கருவிக்கோ, பஸ்ஸில் போக ஏலாதவர்களின் டாக்சிக்கோ உதவி கேட்கலாம்.

அந்தத் தம்பி இப்போது கிழமைக்கு இரண்டு காலை ஒரு தொண்டுக் கடையில் நிற்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் "ஏலாது" என்ற சொல்லை விட்டுவிட்டார். நீங்களும் வாருங்கள், உங்கள் பட்டியலை எழுதுவோம்.