நன்மை தீமைக்குத் தராசு உண்டா?



காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கவும் உண்டு. அவ்வாறே நன்மை தீமையையும் விஞ்ஞானம் ஒருநாள் அளந்து கூறிவிடும் என்று நம் இளைஞர் சிலர் நம்புகின்றனர். அதனை இங்கே சற்று ஆராய்வோம்.

1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்னும் உளநூல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். விளம்பரம் கண்டு வந்தவர்களை ஆசிரியராக அமர்த்தினார். அடுத்த அறையில் மாணவர். அவர் விடை தவறுந்தோறும் ஆசிரியர் ஒரு விசையை அழுத்தி மின்னதிர்ச்சி தரவேண்டும். 15 வோல்ட் முதல் 450 வோல்ட் வரை 30 விசைகள். உண்மையில் மின்சாரம் பாயவில்லை; மாணவர் சொல்லிவைத்து நடித்தவர். அழுத்தியவர்கள் இதனை அறியார். 300 வோல்ட்டில் சுவரை இடிக்கும் ஓசை கேட்டது. சிறிது நேரத்தில் அதுவும் அடங்கிற்று. தொடரும்படி அருகிருந்தவர் பணிக்க, வியர்த்தும் நடுங்கியும் 40 பேரில் 26 பேர் கடைசி விசைவரை அழுத்தினர்!

இது அளவுதான், ஐயமில்லை. ஆனால் எதன் அளவு? கீழ்ப்படிதலின் அளவு. பிறரை வதைப்பது தீது என்னும் தீர்ப்பு அக்கருவியிலிருந்து வந்ததன்று. அதனை முன்பே நெஞ்சில் கொண்டிருப்பதாலன்றோ அந்த 26 நம்மைத் திடுக்கிடச் செய்கிறது? மேலதிகாரி சொல்லைத் தட்டாமையே தலையாய அறம் என்பவன் அதே எண்ணைக் கண்டு மகிழ்வான். (அத்தகையோரை நம்மில் பலர் அறிவோம்.) வந்தவர்களை ஏமாற்றி இவ்வளவு கலக்கத்துக்கு உள்ளாக்கியது முறையா என்று டயானா பாம்ரிண்ட் அம்மையார் 1964-இல் வினவினார். அதற்கும் வோல்ட்டில் விடை இல்லை.

நம் பார்சல் ஆபீசுத் தராசு மூட்டை எத்தனை கிலோ என்று கூறும்; திருட்டுச் சரக்கா என்று கூறாது. அதற்காகத் தராசை இகழ்வதும் பேதைமை. பெட்ரோலில் கலந்த ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பதை இரத்தத்தை அளந்தே கண்டனர். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் அது நின்றது. அளவு இல்லையேல் அத்தீங்கு கண்ணுக்கே புலப்பட்டிராது.

ஆனால் இப்பொழுது வேறொன்று நடக்கிறது. ஓட்டுநர் இல்லாத மோட்டார் விபத்தில் சிக்கினால் யாரைக் காக்கவேண்டும் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் உலகோரைக் கேட்டு, ஏறக்குறைய 4 கோடி விடைகளைத் திரட்டி 2018-இல் வெளியிட்டனர். முதியோரைவிட இளையோரைக் காப்பதே பலர் விருப்பம். ஜெர்மன் அரசு அமைத்த குழுவோ, வயது பார்த்து உயிரைத் தரம் பிரிக்கலாகாது என்று அதற்கு முந்திய ஆண்டே கூறிவிட்டது. எது நியாயம் என்பதை 4 கோடியைக் கூட்டிப் பார்த்து அறிய இயலாது. முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களின் வாக்கு எப்பக்கம் என்பதை நாம் கேட்கவேண்டியதில்லை!