'சிஸ்டம்' சொன்னா சரியா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம குழுவுல ஒரு அக்கா. ஒரு தவணைகூடத் தவறினதில்லை. ஆனா கடன் கேட்ட இடத்துல கிடையாதுன்னுட்டாங்க. அதே பெயருள்ள வேற யாரோ வெச்ச பாக்கி இவங்க கணக்குல ஏறியிருக்கு. பாஸ்புக், தீர்மான நோட்டு எல்லாம் காட்டியும், "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது"ன்னு பதில்.

அந்த 'சிஸ்டம்' சொல்றது நியாயமான்னு கேட்கக் கத்துக்கொடுக்கிறதே ஒரு வாத்தியார் வேலை. சென்னை அடையாறு பக்கம், மான்கள் திரியுற ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன் அதைச் செய்கிறார். 2004-ல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் முடிச்சவர், அங்கேயே தங்கிடாம இங்கே வந்து ஆசிரியரானார். பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கென்றே 2023-ல் அங்கே ஒரு மையம் தொடங்கி, அதற்குத் தலைமை ஏற்றார்.

நம்ம குழுவுக்குத் தர மதிப்பீடு செய்றாங்க இல்லையா? வருகை, சேமிப்பு, திருப்பிக் கட்டினது எல்லாம் பார்த்து மார்க் போடுறாங்க. லட்சக்கணக்கான நோட்டுகளை வெச்சு கம்ப்யூட்டர் அப்படிக் கணிக்கிறதுதான் தரவு அறிவியல். நோட்டு தப்பா இருந்தா மார்க்கும் தப்பு. 2018-ல் அமெரிக்காவில் ஜாய் புவோலம்வினி என்ற பெண், முகம் பார்த்து ஆணா பெண்ணான்னு சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார். வெள்ளை ஆண்களிடம் 100-க்கு 1 தப்புகூட வரலை. கருநிறப் பெண்களிடம் ஒரு மென்பொருள் 100-க்கு 34-க்கு மேல தப்பு செஞ்சது. கறுப்பா இருக்கிறவங்க நாம, யோசிச்சுப் பாருங்க!

நம்ம பிள்ளைங்களும் இதைப் படிக்கலாம். 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. ஆன்லைன் தரவு அறிவியல் படிப்பைத் தொடங்கியது. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படிச்சு, பிளஸ் டூ முடிச்சிருந்தா போதும். ஜே.இ.இ. வேண்டாம். நாலு வாரப் பாடம் படிச்சு, தகுதித் தேர்வு தேறணும். வருமானம் குறைஞ்ச குடும்பத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. கம்ப்யூட்டரும் நெட்டும் இல்லாத வீட்டுக்குச் சிரமம்தான், அதை மறைக்க மாட்டேன்.

சரி, அக்கா விஷயம். கடன் தகவல் நிறுவனத்திடம் வருஷத்துக்கு ஒரு முறை நம்ம அறிக்கையை இலவசமா வாங்கலாம். தப்பு இருந்தா புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா, அதுக்கு மேல நாளுக்கு 100 ரூபாய் தரணும். ரிசர்வ் வங்கி விதி இது, 2024 ஏப்ரல் முதல் இருக்கு.

அக்காவோட புகார் போன வாரம் போயாச்சு. எழுதினது காலேஜ் முதல் வருஷம் படிக்கிற அவங்க மக. ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்துக்கு, கடன் மறுக்கப்பட்ட உறுப்பினர்களோட விவரம் கொண்டு வாங்க.