உரிமைக்கும் கைக்கும் இடையில் ஒரு படிவம்



மனிதர் நடந்துகொள்ளும் முறையை ஆராய்ந்து அதற்கேற்ப அரசுத் திட்டங்களை வகுக்க வேண்டும் என்று இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. பிரிட்டன் 2010-இல் இதற்கெனத் தனிக்குழு அமைத்தது. நம் மத்திய அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை ஓர் அத்தியாயத்தையே இதற்கு ஒதுக்கியது. பெயர்தான் புதிது. பசித்த பிள்ளைக்கு அறிவுரை ஏறாது, சோறிட்டால் பள்ளிக்கு வரும் என்று கண்டு 1956-இல் மதிய உணவைத் தொடங்கிய காமராசர், பக்கத்து விருதுநகரில் பிறந்தவர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதைக் கற்றவரல்லர்.

சோற்றுக்கு விண்ணப்பம் வேண்டியதில்லை. பந்தியில் அமர்ந்தால் போதும். 1944 முதல் நம்மவர்க்கு உரிய மேற்படிப்பு உதவித்தொகை அப்படியன்று. சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, அதனோடு ஆதார் இணைப்பு என ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சிறு வேலைதான். ஆனால், பட்டாசு ஆலைக்குப் போகும் தாய்க்கு ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் இன்னொரு நாள். "இவர்களுக்குப் படிப்பில் அக்கறையில்லை" என்று மேசைக்கு அப்பால் இருந்து சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது; 2012-இல் வெளியாயிற்று. வருமானவரிக் கணக்கு எழுதித் தரும் நிலையத்திற்கு வந்த எளிய குடும்பத்தினரில் ஒரு பகுதியினருக்குக் கல்லூரி உதவித்தொகைப் படிவத்தையும் அங்கேயே நிரப்பிக் கொடுத்தனர். மற்றொரு பகுதியினருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லி அனுப்பினர். படிவம் நிரப்பித் தரப்பட்ட வீடுகளில், பள்ளி இறுதி வகுப்பிலிருந்த பிள்ளைகளுள் கல்லூரியில் ஈராண்டு முடித்தோர் 28 விழுக்காட்டிலிருந்து 36 ஆக உயர்ந்தனர். செய்தி மட்டும் கேட்டவர்களிடம் சொல்லத்தக்க மாற்றமில்லை. சுற்றறிக்கையைப் பலகையில் ஒட்டியதும் கடமை முடிந்தது என்று கருதும் எங்கள் துறையினர் இதைப் படிக்க வேண்டும்.

2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததையே தகுதியாக வைத்தது. வருமானச் சான்று கேட்கவில்லை. மாதம் 1000 ரூபாய் பெண்ணின் கணக்கிற்கே சென்றது. வழி இருக்கிறது என்பதற்கு இது சான்று. உதவித்தொகைக்கும் பள்ளியிலேயே சான்றுகளைத் திரட்டித் தரவேண்டும் என்று நாம் எழுதிக் கேட்போம்.

பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆலை விடுமுறையான ஞாயிறுகளில், மே மாதம் முழுவதும், நம் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை போடுவோம். படிவம் நிரப்பத் தெரிந்த ஐந்து இளைஞர்களின் பெயரை இன்றே செயலாளர் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.