லக்னோவில் பிறந்த பாடகர்

பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையிலான வயதினைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரே சொல் உண்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அதற்கு ஈடான தமிழ்ச் சொல் தேடி இடர்ப்பட்டிருக்கிறோம். அவ்வயதினர் கொண்டாடும் பாடகனின் புகழோ பெரும்பாலும் அவ்வயதோடு கழிந்துவிடுகிறது. கிளிஃப் ரிச்சர்ட் அதற்கு விலக்கு.

ஹாரி வெப் என்னும் இயற்பெயருடைய இவர் 1940-ஆம் ஆண்டில் லக்னோவில் பிறந்தார். ஹௌராவிலும் வாழ்ந்த குடும்பம் 1948-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. ஊர்விட்டு ஊர் வந்து வேரூன்றுவது எத்தகையது என்பதை, சென்னைக்கு அப்பால் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

1958-இல், பதினேழாம் வயதில், ‘மூவ் இட்’ என்ற துள்ளிசைப் பாடல் இவரைப் புகழின் உச்சிக்கு ஏற்றியது. மறு ஆண்டே ‘லிவிங் டால்’ பாடலைத் துள்ளலைக் குறைத்து மென்மையாகப் பாடினார். விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. ராக் இசையில் வேகம் விரும்பியோர் முகஞ்சுளித்தனர். ஆயினும் பிள்ளைகளின் பாடகர் தாய்மாருக்கும் பாடகரானது அந்த மென்மையினால்தான் என்பது நம் கருத்து.

1963 முதல் பீட்டில்ஸ் குழுவினரின் அலை எழுந்தது. முன்னவர் பலர் அதில் மறைந்தனர். இவரும் தளர்ந்த காலம் உண்டு. 1968-இல் யூரோவிஷன் போட்டியில் ஒரே ஒரு புள்ளியில் முதலிடத்தை இழந்தார். அவ்வாண்டிற்குப் பின் பிரிட்டனில் மீண்டும் முதலிடம் எய்தியது 1979-இல்தான். பதினோராண்டுக் காத்திருப்பு! 1995-இல் ‘சர்’ பட்டம் வந்தது. 1999-இலும் இவர் பாடல் முதலிடத்தில் இருந்தது.

வானொலியில் பேசும் நாம் அடுத்ததைச் சொல்லாது விடுவது முறையன்று. 2014-இல் ஒரு பழம் புகாரின் பேரில் காவல் துறையினர் இவர் இல்லத்தைச் சோதனையிட்டதை, பி.பி.சி. ஹெலிகாப்டரிலிருந்து படம்பிடித்து ஒளிபரப்பியது. இவர் கைது செய்யப்படவே இல்லை. வழக்குத் தொடுப்பதற்கில்லை என 2016-இல் அறிவிக்கப்பட்டது. தம் அந்தரங்க உரிமைக்காக இவரே நீதிமன்றம் ஏறி, 2018 ஜூலையில் வென்றார். அவ்வாண்டு நவம்பரில், எழுபத்தெட்டாம் வயதில், புதிய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார்.